பீச் ரோட்டில் ‘இல்லை’ சொல்லலாம்

எங்கள் கடையில் ‘இல்லை’ என்று யாரும் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம், அப்போதுதான் சாமி படத்துக்கு விளக்கேற்றியிருந்தோம், ஒரு அம்மாள் வந்து வெந்தயம் கேட்டாள். டப்பாவைத் திறந்து பார்த்தால் அடியில் தூசிதான் கிடந்தது. “வெந்தயம் இல்லக்கா” என்றேன். பக்கத்தில் சீனி நிறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் கடைக்குத் தீ வைத்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த அம்மாள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“ஏளா, கடையில நின்னுக்கிட்டு இல்லங்கப்புடாது. நாளைக்கு வருதுன்னு சொல்லு. வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லு.”

“இல்லாத சாமான வேற எப்படிச் சொல்லுதது?”

“இல்ல இல்லன்னு சொன்னா இல்லாமலே போயிரும்.”

என் பிறந்த வீடு ஏரல் பக்கம். வாழையும் நெல்லும் போடுகிறவர்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ‘இல்லை’ வரும் என்று கணக்கே கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, உரம் இல்லை, வேலைக்கு ஆள் இல்லை. இல்லை என்று கத்தினால்தான் யாராவது வந்து மடையைத் திறந்துவிடுவார்கள். அப்படி வளர்ந்தவளை இங்கே கொண்டுவந்து வாயைக் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? சுற்றிலும் உப்பளமாகக் கிடக்கிற ஊரில் உப்பு டப்பா காலியானால்கூட ‘உப்பு நிறையட்டும்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பாக வரும்.

கொஞ்ச நாளில் அதன் நியாயம் எனக்கே பிடிபட்டது. கடை திரேஸ்புரம் போகிற வழியில் இருக்கிறது. சாமான் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பெண்கள். தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்பு அரிசி, பருப்பு, தீப்பெட்டி என்று மொத்தமாக வாங்கிக் கட்டுவார்கள். கடலுக்குப் போகிற மனிதன் வாசலில் வந்து நிற்கும்போது அவன் காதில் ‘இல்லை’ என்ற சொல்லா விழ வேண்டும்? நானும் பழகிக்கொண்டேன். நாளாக ஆக, என் வீட்டுக்காரரைவிட நான்தான் அதை அழகாகச் சொல்கிறேன் என்று வாடிக்கைக்காரர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்ததால் அவள் தவழ்ந்தது, நடந்தது, பேச்சுப் பழகியது எல்லாம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான். யாராவது மிட்டாய் கேட்டு, டப்பா காலியாக இருந்தால், “நாளைக்கு வருது மாமா” என்று கையை ஆட்டிச் சொல்லும். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். நாங்களும் பூரித்துப் போனோம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எண்ணெய் டின் மேல் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு படிப்பாள். சாமான் கட்டிக்கொண்டே நான் கேட்பேன். “படிச்சியாளா?” “படிச்சிட்டேம்மா.” “புரிஞ்சுதா?” “புரிஞ்சுதும்மா.” அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன தெரியும்? வாசலில் ஆள் நிற்கும், நான் திரும்பிக்கொள்வேன். பிள்ளை தொல்லை கொடுக்காமல் படிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு பேசுவேன்.

ஒன்பதாவது வகுப்பில்தான் அது வெடித்தது. காலாண்டுப் பரீட்சையில் கணக்கு மார்க்கைப் பார்த்தபோது இது வேறு யாருடைய பேப்பரோ என்றுதான் நினைத்தேன். பெற்றோர் வந்து பார்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்தது.

“டீச்சரப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போவாத” என்று என் வீட்டுக்காரர் ஒரு பையில் கருப்பட்டியும் முந்திரிப்பருப்பும் கட்டிக் கொடுத்தார். அவருக்கு இந்த உலகத்தில் எல்லோரும் வாடிக்கைக்காரர்கள்தான். நல்ல சரக்கைக் கொடுத்தால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

கணக்கு டீச்சர்தான் வகுப்பு டீச்சரும். நாசரேத்துக்காரர், என்னைவிடப் பல வயது மூத்தவர். நான் நீட்டிய பையைத் தொடவே இல்லை. “இத வீட்டுக்குக் கொண்டு போயிருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, விடைத்தாளை என் முன்னால் விரித்தார். பாதிப் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன.

“நல்ல பிள்ளதான். வம்பு தும்பு கிடையாது. ஒவ்வொரு கணக்கு முடிஞ்சதும் அவளப் பாத்து, புரிஞ்சுதான்னு கேக்கேன். புரிஞ்சுது டீச்சர்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. பேப்பரப் பாருங்க.”

“வீட்லயும் அப்படித்தான் டீச்சர் சொல்லுதா.”

“வீட்ல பக்கத்துல உக்காந்து பாக்கீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “கிளாஸ்ல நீங்க பக்கத்துல நின்னு பாக்கீங்கள்லா?” என்று பட்டென்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“நாம சண்ட போட்டு என்ன ஆவப்போவுது? ஆண்டுப் பரீட்சையிலயும் இப்படியே இருந்தா ஒம்பதாப்புலயே இருத்திருவாங்க. அதுவும் இல்லாட்டி டி.சி. வாங்கிட்டுப் போவச் சொல்லுவாங்க. கூடப் படிச்ச பிள்ளைக எல்லாம் பத்தாவது போகும். உங்க பிள்ள தாங்காது.”

கருப்பட்டிப் பையைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தேன். மார்க்கைவிட, டீச்சர் பையை வாங்கவில்லை என்பதுதான் என் வீட்டுக்காரருக்கு அதிர்ச்சியாக இருந்தது. “கருப்பட்டி புதுசுதான?” என்று கேட்டார்.

அன்றைக்கு மகளை உட்காரவைத்துக் கேட்டேன். கணக்கில் என்னதான் தெரியவில்லை, சொல் என்று கெஞ்சினேன், மிரட்டினேன். “எல்லாம் தெரியும்மா. அடுத்த பரீட்சையில வந்துரும்” என்றாள். அதே சிரித்த முகம். கை ஓங்கிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு ஒரே ஒரு தடவை உடைந்து, ‘எனக்குத் தெரியலம்மா’ என்று அவள் என் மடியில் வந்து விழ மாட்டாளா என்று ஏங்கினேன். பரீட்சையில் அவள் ஜெயிக்க வேண்டும் என்பதைவிட அதற்குத்தான் அதிகம் ஏங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தார். திரேஸ்புரத்தில் காய்ச்சலாகக் கிடந்த ஒரு மாணவியைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் மழைக்கு ஒதுங்கி, அப்படியே சோப்பு வாங்க நின்றிருக்கிறார். நான் உள்ளே எண்ணெய் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போயிருந்தார். முன்னால் மகள் நின்றாள். டீச்சருக்கு முன்பு நின்ற ஒரு பெண் கொண்டைக்கடலை கேட்டாள்.

“நாளைக்கு வருது சித்தி.”

அடுத்தவர் கற்பூரம் கேட்டார்.

“வந்துக்கிட்டிருக்கு மாமா.”

பிறகு டீச்சரின் குரல் கேட்டது. “கற்பூரம் இல்லன்னு சொன்னா என்னம்மா?”

என் மகள் பதறிவிட்டாள். “ஐயோ, மெதுவா டீச்சர்! விளக்கேத்தியாச்சு. கடையில அப்படிச் சொல்லப்புடாது.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது டீச்சர் குடை சாய்ந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். தூறல் அவருடைய தோளில் விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

“கிளாஸ்ல புரிஞ்சுதுன்னு சொல்லும்போதும் இதே சிரிப்புதாம்மா. கொஞ்சங்கூட மாத்தமில்ல. நான் அவ பொய் சொல்லுதான்னு நெனச்சேன். பொய்யில்லம்மா, கேக்க வந்தவங்களுக்கு முகம் சுண்டக் கூடாதுன்னு பதில் சொல்லுதா. உங்க கடையில எல்லாரும் சொல்லுத மாதிரி.”

கடையில் அவள் பேசுவதை நான் தினமும் கேட்கிறேன். வகுப்பில் அவள் பேசுவதை டீச்சர் தினமும் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய, ஒருவர் இன்னொருவர் இடத்துக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த மழை மட்டும் தூறாமல் இருந்திருந்தால் அவர் நேரே வீட்டுக்குப் போயிருப்பார்.

“அவங்க அப்பாகிட்டச் சொல்லி இந்தப் பழக்கத்த விட்ருதோம் டீச்சர்” என்றேன்.

“அது உங்க தொழில். அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா பிள்ளைக்கு இல்லன்னு சொல்லுததுக்கு ஒரு எடம் வேணும். கிளாஸ்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அங்கன உடனே வாய் வராது. வீட்ல வச்சுப் பேசலாமா?”

“வீடும் கடையோட சேந்துதான் டீச்சர் இருக்கு. ஒரே சுவரு.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற பீச் ரோடு என் ஞாபகத்துக்கு வந்தது. அவள் தோழிகளுடன் ஆட்டோவில் வருவாள். ஆட்டோவை நிறுத்திவிட்டு நான் போய் நடத்திக் கூட்டி வந்தால்?

என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். “சாயங்காலம் கடைய யாரு பாப்பா? ரோட்டுல நடந்தா கணக்கு வந்துருமா?” என்றெல்லாம் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “என்னமும் பேசுங்க. ஐஸ் கம்பெனி முக்கு வரைக்கும்தான். அதத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா அந்தப் பேச்சு வேண்டாம்” என்றார். அவரால் முடிந்த இறக்கம் அவ்வளவுதான்.

முதல் நாள் மகளிடம் சொன்னேன். “இந்த ரோட்டுல நீ எத வேணும்னாலும் இல்லன்னு சொல்லலாம். பிடிக்கலன்னு சொல்லலாம். தெரியலன்னு சொல்லலாம். நான் ஏசவும் மாட்டேன், அடிக்கவும் மாட்டேன்.” அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாட்களிலும் பேசவில்லை. பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்பதையும், கருவாட்டு வாடையையும், எதிர்க்காற்றில் அவள் துப்பட்டா பறப்பதையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். கடையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள் என்று தெரிந்தவர்கள் என்னைக் கேலி செய்தார்கள்.

ஒரு நாள் திடீரென்று, “எனக்குக் கத்திரிக்கா பிடிக்கல” என்றாள்.

“சரி” என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அடுத்தது வந்தது. “ரெட்டச் சட பிடிக்கல. நீ இறுக்கிப் பின்னுத, தல வலிக்கி.” சரி. “அத்த வீட்டுக்குப் போவப் பிடிக்கல.” சரி. “நீ போன்ல சத்தமா பேசுதது பிடிக்கல.” அதற்கும் சரி. மடை திறந்த மாதிரி வந்தது. எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு என்றால் உயிர். அத்தை என்பது என் வீட்டுக்காரரின் சொந்த அக்கா. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நடந்தேன். இவ்வளவையும் சிரிப்புக்கு அடியில் வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை இத்தனை வருஷம் எங்களோடு இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு நாள், கத்திரிக்காயைச் சொன்ன அதே குரலில், கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பின்னம் வரும்லா, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. அது எனக்குத் தெரியாதும்மா.”

“எந்தப் பின்னம்?”

“எல்லாப் பின்னமும். அஞ்சாப்புல எனக்கு அம்ம போட்டிருந்துச்சுல்லா, அப்ப நடத்திட்டாங்க. நான் திரும்பிப் போன அன்னைக்கு எல்லாருக்கும் புரிஞ்சுதான்னு அந்த டீச்சர் கேட்டாங்க. எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்க. நானும் சொன்னேன்.”

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். அந்த அம்மை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை பிழைத்து எழுந்தால் போதும் என்று பள்ளிக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து அவள் தனியாக அதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வகுப்பாக ஏறி வந்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். “பின்னம் தெரியாம ஒம்பதாப்புக் கணக்குல எங்கன கால் வைக்கும்? கண்ணக் கட்டி விட்ட மாதிரில்லா இருந்திருக்கும்” என்றார். அடுத்த நாளே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தோழிகள் பார்த்தால் பிள்ளை கூசும் என்று, தாளில் எழுதிக் கொடுத்தார்.

கடைக்காரர் மகள்தானே என்று முதலில் காலும் அரையும் முக்காலுமாகக் கேட்டிருக்கிறார். “முக்கால் கிலோ சீனி என்ன வெலம்மா?” “தெரியாது டீச்சர், தராசுலயே வந்துரும்.” எங்கள் மின்னணுத் தராசு எடையையும் விலையையும் தானே காட்டிவிடும். இதைச் சொல்லி டீச்சர் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “உங்க தராசு நல்லாப் படிச்சிருக்கும்மா” என்றார்.

அதிலிருந்து மத்தியானம் போன் பேசுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அன்றைக்கு என்ன நடத்தினார் என்று அவர் சொல்வார். ரோட்டில் பிள்ளை எது தெரியவில்லை என்றது என்று நான் சொல்வேன். “புரிஞ்சுதான்னு கேக்கவே கேக்காதீங்க. எந்த எடத்துல நின்னு போச்சுன்னு கேளுங்க” என்று சொல்லிக் கொடுத்தார். வகுப்பிலும் அவர் அப்படியே கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “உங்க பிள்ள மட்டும் இல்லம்மா. பாதி கிளாஸ் நாளைக்கு வருதுன்னுதான் உக்காந்திருந்திருக்கு.” எனக்குப் பத்தாவதுக்கு மேல் படிப்பு கிடையாது. ஒரு டீச்சர் என்னிடம் இப்படிச் சமமாகப் பேசுவார் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த மத்தியான நேரத்துக்காகவே காத்துக் கிடப்பேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் மகள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். எட்டிப் பிடித்து, இன்றைக்கு எந்த இடத்தில் நின்றது என்று கேட்டேன்.

“எங்கயும் நிக்கல. எல்லாம் புரிஞ்சுதும்மா.”

திரும்பிப் பார்த்தாள். பழைய சிரிப்பு வந்துவிட்டிருந்தது. அவளுடைய தோழி ஒருத்தியிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. டீச்சர் பிரியமாகத்தான் கேட்டிருக்கிறார், எல்லோர் முன்பும்: “நேத்து அம்மாகிட்டத் தெரியலன்னு சொன்னியே, அந்த எடத்த இப்ப போர்டுல பாரு.” வகுப்பே திரும்பி அவளைப் பார்த்திருக்கிறது. பின்னத்தை மட்டும்தான் அம்மா சொல்லியிருக்கிறாள் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, ரோட்டில் தான் பேசியதை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் வைத்தே சத்தம் போட்டேன். “எத்தன நாளு நடந்து நடந்து அவ வாயத் தொறக்க வச்சேன், ஒரு வார்த்தையில மூடிட்டீங்களே டீச்சர்!” அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் என் மகளை அழைத்துவரச் சொன்னார். அவள் வந்து நின்றதும், “உன்னக் கேக்காம நாங்க ரெண்டு பேரும் உன்னப் பத்திப் பேசிட்டோம். அத நான் எல்லாரு முன்னாலயும் சொன்னது பெரிய தப்பு. என்ன மன்னிச்சிரும்மா” என்றார்.

பிள்ளை திகைத்துப்போய் என்னைப் பார்த்தது. ஒரு டீச்சர் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. நானும்தான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டீச்சரிடம் எதைச் சொல்லலாம் என்பதை மகளே முடிவு செய்தாள். ஐஸ் கம்பெனி முக்கு வந்ததும் நின்று பிரித்துக் கொடுப்பாள். “இது டீச்சர்கிட்ட சொல்லலாம். இது நானே கேட்டுக்கிடுதேன். கத்திரிக்கா விஷயம் சொல்லவே கூடாது.” நான் பயபக்தியோடு தலையாட்டுவேன்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு நாள், வழக்கமான நேரத்துக்கு முன்பே டீச்சரின் போன் வந்தது.

“இன்னைக்கு எந்திரிச்சு நின்னுட்டாம்மா. ‘டீச்சர், ரெண்டாவது வரியிலருந்து எனக்குப் புரியல’ன்னு சொன்னா. எல்லாரும் பாத்தாங்க. அவ உக்காரல, நான் திரும்பச் சொல்லுத வரைக்கும் நின்னா.”

அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன என்ன என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கிளாஸ்லதான சொன்னா? சரி சரி” என்றார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைக்கத் துடைக்க, துடைத்து முடியவே இல்லை.

ஆண்டுப் பரீட்சையில் பெரிய மார்க் இல்லை. ஆனால் பாஸானாள், தோழிகளுடன் பத்தாவது போனாள். பள்ளி திறந்த சில நாட்களில், புத்தகப் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “எம்மா, இனிமே நீ வர வேண்டாம். நான் பிள்ளைகளோட வந்துருவேன். தெரியலன்னா டீச்சர்கிட்ட நானே கேட்டுக்கிடுவேன்.”

சரி என்றேன். டீச்சரும் நானும் அத்தனை பாடுபட்டது இதற்குத்தான். அவளுக்கு ரோடு வேண்டாம், நான் வேண்டாம், தானே எழுந்து நின்று கேட்க வேண்டும். அது நடந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆனதும் கால் தானாகச் செருப்பைத் தேடியது. மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பருப்பு நிறுத்தேன். அந்த நடைக்கு ஏங்குகிற அளவுக்கு நான் அதில் ஊறிப்போயிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிடிக்கவில்லை, இல்லை, தெரியாது என்று ஒரு பிள்ளை என் பக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்த அந்தக் கொஞ்ச மாதங்களைப் போல என் வாழ்க்கையில் வேறு எதுவும் இனிக்கவில்லை.

இப்போது அவள் சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். டீச்சர் ஓய்வு பெற்று நாசரேத்தில் இருக்கிறார். மகள் தினமும் போன் செய்வாள். சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாள். எல்லாம் நல்லா இருக்கா என்பேன், எல்லாம் நல்லா இருக்கும்மா என்பாள். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருப்பது எனக்குக் கேட்கும். போனை வைத்துவிட்டு, எங்கேயாவது உட்கார்ந்து அழவேண்டும் போல இருக்கும். எத்தனையோ சாயங்காலங்களில் பீச் ரோட்டுக்குத் தனியாகப் போய் நடந்துவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் அது வெறும் ரோடு.

போன மாதம் டீச்சர் போன் செய்தார். எங்களுக்குள் பேச்சு இன்னும் விட்டுப்போகவில்லை.

“பிள்ள பேசுதாளாம்மா?”

“தெனம் பேசுதா டீச்சர். எல்லாம் நல்லா இருக்குங்கா.”

அவர் கொஞ்சம் தயங்கினார். “ஒரு நாள் நிதானமாப் பேசுங்க” என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஏதோ தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்ல மாட்டார், நானும் கேட்கக் கூடாது. அந்தப் பாடத்தை இருவருமே ஸ்டாஃப் ரூம் வாசலில் படித்தாகிவிட்டது. ஆனாலும் பொறாமையில் வெந்துபோனேன். என் பிள்ளை டீச்சரிடம் சொல்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. எந்தக் கேள்வியைத்தான் நான் கேட்காமல் விட்டேன் என்று நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது உறைத்தது. தினமும் அவளும்தான் என்னைக் கேட்கிறாள். நீ எப்படிம்மா இருக்க என்று. நானும் கை வேலையை விடாமல் சொல்கிறேன், நல்லா இருக்கேன், கடை நல்லா ஓடுது, இங்க எல்லாம் இருக்கு என்று. அந்த ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்தும் அவளுடைய ‘இல்லை’யைத்தான் வாங்கினேனே தவிர, என்னுடையதை ஒன்றுகூட அவளிடம் கொடுத்ததில்லை. இப்படிப் பேசுகிற தாயிடம் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

அன்று சாயங்காலம் அவள் போன் வந்தபோது கடையில் விளக்கேற்றியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் யாருக்கோ பயறு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“நீ எப்படிம்மா இருக்க?”

“நல்லா இல்லளா” என்றேன். தராசில் பயறு கொட்டுகிற சத்தம் நின்றது. “நீ இல்லாம எனக்கு இங்கன நல்லாவே இல்ல. சாயங்காலம் ஆனா தாங்க முடியல.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அப்புறம் மூச்சு உடைகிற சத்தம் கேட்டது.

“எம்மா, எனக்கும் இங்க முடியலம்மா. ரெண்டு பேப்பர் அரியர் விழுந்திருக்கு. கிளாஸ்ல ஒண்ணுமே புரியல. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுததுன்னு தெரியல.”

பிள்ளை பரீட்சையில் தோற்றதைக் கேட்டு மனம் நிறைந்த தாய் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. “சொல்லு மக்கா, நான் எங்கயும் போவல” என்றேன். அவள் சொல்லி முடிக்கிறவரை கடைக்கு வந்த எல்லோருக்கும் என் வீட்டுக்காரரே சாமான் எடுத்துக் கொடுத்தார்.